கரடிக்கு ஒரு துவக்கு

"எனக்கு ஆள் வேண்டாம், ரீச்சர். நல்ல துவக்கு ஒண்டு போதும்," என்றார் குகநேசன்.

வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு தீவு. கோடையில் அங்கே சூரியன் மறையாது. ஊர் எல்லையைத் தாண்டுகிற எவரும் துப்பாக்கி இல்லாமல் தாண்டக்கூடாது என்பது சட்டம். பனிக்கரடிக்கு மனிதரோடு பகையும் கிடையாது, பழக்கமும் கிடையாது. பசி மட்டும் உண்டு.

துவக்கு என்று அவர்கள் சொல்லும் துப்பாக்கியைக் கொடுப்பவர் தவமலர். யாழ்ப்பாணத்திலிருந்து மீன் வெட்டுகிற வேலைக்கு வடக்கே வந்து, மீனை விட்டுவிட்டுப் பனியில் நடக்கத் தொடங்கியவர். இருபது வருடமாக நடக்கிறார். பள்ளிக்கூடச் சோக்கட்டி ஒன்றைக் கையால் தொட்டதில்லை, ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர். அவர் கையெழுத்து வைக்காமல் ஒருவரும் எல்லை தாண்ட முடியாது.

குகநேசன் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். கல்லில் பதிந்த இலைகளை ஆராய்கிறவர். ஒரு காலத்தில் அந்தத் தீவு முழுக்க மரங்கள் நின்றன. அவற்றின் இலைகள் வடகரைப் பாறைக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. போன குளிர்காலத்தில் கடல் அந்தப் பாறையில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சத்தை வருகிற குளிர்காலம் தின்னும். இந்தக் கோடையில் போகாவிட்டால் பிறகு போவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

"போன முறை ஆர் உங்களோட வந்தது?" என்று கேட்டார் தவமலர்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் குகநேசன் கொட்டத் தொடங்கினார். வந்தவர் அருளம்பலம் அண்ணை. காவலுக்கு என்று வந்தார். எட்டு நாளும் துவக்கைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றார். ஒரு கல்லைத் தூக்கித் தரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ர வாழ்க்கையிலயே வடிவான இலை அண்டைக்குத்தான் கிடைச்சது. வந்து பாருங்கோ எண்டு கத்தினன். மனிசன் திரும்பிக்கூடப் பார்க்கேல்லை. கல்லுக்குள்ள இலை இருக்கு, ரீச்சர். அந்த ஆளுக்குள்ள ஒண்டும் இல்லை."

இதை அவர் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். தவமலரும் ஏற்கனவே கேட்டிருந்தார். மறுபடியும் கேட்டுவிட்டு, எழுந்து போய் மூன்று துவக்குகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எடுங்கோ," என்றார்.

குகநேசன் குளிர்காலம் முழுக்கத் துவக்குகளைப் பற்றிப் படித்தவர். கொப்பி நிறையக் குறிப்பு வைத்திருந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார். தயங்காமல், தொலைநோக்கி பூட்டிய துவக்கை எடுத்தார்.

தவமலர் தொலைநோக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வெளியே கூட்டிப்போய் ஐம்பது அடி தள்ளி நின்றார். அதைக் கண்ணில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரை நோக்கி ஓடிவந்தார்.

"என்ன தெரியுது?"

"உங்கட சட்டைப் பொத்தான்."

"வேற?"

"வேற ஒண்டும் தெரியேல்லை."

அதற்குள் தவமலர் அவர் மூக்குக்கு முன்னால் வந்துவிட்டார். குகநேசன் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது, விசையைத் தட்டத் தட்டத் தானாகச் சுட்டுக்கொண்டே போகிற துவக்கு. அதை அவர் குடிலுக்குக் கொண்டுபோனார். பனியும் ஈரமும் பட்டிருந்ததால் துணியால் துடைத்து, பிள்ளையைக் கிடத்துவது போல அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தினார். காலையில் வெளியே எடுத்துக்கொண்டு போனார். சூட்டுக்கு வந்த குளிர் இரும்பில் வேர்த்த நீர் வெளிக்குளிரில் உறைந்து, உள்ளே இருந்த பொறி அசையமாட்டேன் என்றது. அவர் இழுத்தார், தட்டினார், வாயால் ஊதினார்.

குளிரில் கிடப்பதைக் குளிரிலேயே கிடக்க விடவேண்டும் என்றார் தவமலர். எந்தத் துவக்கானாலும் இரவில் கதவுக்கு வெளியேதான் அதற்கு இடம். அதிலும் இதற்குள் சின்னச் சின்ன உறுப்புகள் அதிகம் என்றார்.

மிச்சம் இருந்தது மூன்றாவது. பழையது. கைப்பிடியை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றவேண்டும். தடித்த தோட்டா. குறி பார்க்க ஒரு இரும்புத் துண்டு. கையுறை போட்ட கையாலும் ஏற்றலாம். குகநேசன் சுட்டுப் பழகினார். தோள்பட்டை கன்றிப் போனது. மூன்று நாள் பழகியபின், ஓடிவருகிற கரடியின் நெஞ்சளவுக்கு வெட்டி வைத்த அட்டையில் நாலுக்கு நாலு தோட்டாவும் இறங்கின.

தவமலர் அட்டையை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். குகநேசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கையெழுத்துக்காக அனுமதிப் பத்திரத்தை நீட்டினார்.

தவமலர் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்குக் கீழ்க்கரையில போய்க் கல்லு உடையுங்கோ. துவக்கு முதுகில இருக்கட்டும். தோட்டா போடாதேங்கோ. காவலுக்கு நான் நிக்கிறன்."

குகநேசன் போனார். கீழ்க்கரைக் கல்லில் இலை அதிகம் இல்லை, ஆனால் கல் என்றால் அவருக்குக் கல்தான். குந்தியிருந்து தட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு ஏடு பிரியும். பிரிகிற இடத்தில் நிழல் மாதிரி ஒரு காம்பு தெரியும். அதன் பின்னால் போகவேண்டும். மூன்று மணித்தியாலம் போனது அவருக்குத் தெரியவில்லை.

குடிலுக்குத் திரும்பி அங்கியைக் கழற்றினார். முதுகில் தொங்கிய தொப்பிக்குள்ளிருந்து கூழாங்கற்கள் உருண்டு விழுந்தன. குனிந்து பொறுக்கினார். ஏழு.

"இது எப்ப?"

"நீங்கள் குனிஞ்சிருக்கேக்க."

"ஏழு தரம் வந்தனீங்களோ?"

"ஒவ்வொண்டும் ஒரு கரடி," என்றார் தவமலர்.

மறுநாள் குகநேசன் உசாராகப் போனார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு திசையும் பார்த்தார். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். அரைவாசி தெரிந்த ஒரு இலையைச் சுத்தியல் குறுக்கே பிளந்துவிட்டது. அன்றைக்கு முழுதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

தொப்பிக்குள் மூன்று கற்கள் இருந்தன.

அவர் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் அந்தக் கற்களைப் பார்த்தார். கடல் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் வடகரையில் எத்தனை இலை விழுகிறதோ என்று நினைத்தார்.

காலையில் தவமலரிடம் போனார்.

"இதைவிடப் பெரிய துவக்கு இருக்கோ, ரீச்சர்?"

தவமலர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் துவக்கில் நாலு தோட்டா ஏற்றி அவர் கையில் கொடுத்தார். அவருடைய சுத்தியலைத் தான் எடுத்துக்கொண்டார்.

"இண்டைக்கு நான் உடைக்கிறன். நீங்கள் நில்லுங்கோ. எனக்கு முதுகு காட்டி நில்லுங்கோ. என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் திரும்பக்கூடாது."

இது ஒரு பெரிய வேலையா என்று குகநேசன் நின்றார்.

முன்னால் வெள்ளை. வெள்ளைக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் கடல். மிதக்கிற ஒவ்வொரு பனிக்கட்டியும் கரடி மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் பனிக்கட்டி. கண்ணை எடுத்தால் மறுபடியும் கரடி. வேலை செய்கிறவருக்கு உடம்பு சுடும். நிற்கிறவருக்குக் கால் விரலில் தொடங்குகிற குளிர் முழங்காலுக்கு ஏறி இடுப்பில் வந்து உட்காரும். கண்ணில் நீர் வடிந்து கன்னத்தில் உறைந்தது. நேரம் நகரவில்லை. வெள்ளையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பின்னால் டொக் டொக் என்று சுத்தியல் கேட்டுக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் துணை.

திடீரென்று சுத்தியல் நின்றது.

தவமலர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"குகநேசன், முழு இலை. காம்போட இருக்கு. இங்க வந்து பாருங்கோ."

பொய்யாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். கீழ்க்கரையில் முழு இலை கிடைக்காது என்பதும் தெரியும். கழுத்து அதையெல்லாம் கேட்கவில்லை.

திரும்பினார்.

தவமலர் வெறுங்கையோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது குகநேசனை.

"அருளம்பலம் அண்ணை திரும்பிப் பார்க்கேல்லை," என்றார் குகநேசன்.

"எத்தினை நாள்?"

"எட்டு நாள்."

"அந்த எட்டு நாளில கரடி வந்ததோ?"

"வரேல்லை."

"வராத கரடிக்கு எட்டு நாள் நிண்ட மனிசன்," என்றார் தவமலர்.

குகநேசன் துவக்கைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். போன முறை கிடைத்த இலையைப் பற்றி அவர் கட்டுரை எழுதியிருந்தார். கடைசியில் படகுக்காரருக்கு நன்றி சொல்லியிருந்தார். சமையல்காரருக்கு, பெட்டி செய்து தந்தவருக்கு, சுத்தியலுக்குப் பிடி போட்டுத் தந்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். அருளம்பலத்தின் பெயர் அதில் இல்லை. அதை அவர் மறந்து விட்டுவிடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தார்.

தவமலர் பத்திரத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அதில் இரண்டு பெயருக்கு இடம் இருந்தது. ஒன்று வெறுமையாகக் கிடந்தது.

அருளம்பலத்தின் வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில். மனிதர் வாசலில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார். வயது அறுபது தாண்டிவிட்டது. குகநேசனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வரச் சொல்லாமல், வெளியே போகச் சொல்லாமல் நின்றார்.

ஊர் சின்னது. சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று குகநேசனுக்குத் தெரிந்தது. வரமாட்டேன் என்று அவர் சொன்னால் வடகரை கடலுக்குத்தான். அதைவிட, வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. குகநேசன் சுற்றி வளைக்கவில்லை. தான் பேசியது பிழை என்றார். கீழ்க்கரையில் ஒரு மணித்தியாலம்கூடத் தன்னால் நிற்க முடியவில்லை என்றார். மன்னிக்கவேண்டும் என்றும், திரும்பவும் வரவேண்டும் என்றும் கேட்டார்.

அருளம்பலம் மீனைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னைக் கல்லு எண்டு சொன்னனீங்களாம்."

"சொன்னன், அண்ணை."

"கல்லுக்குக் குளிராது, தம்பி. எனக்குக் குளிரும். இந்த முறை தேத்தண்ணி கூடுதலாக் கொண்டு போவம்."

குகநேசனுக்கு அழுகை வந்தது. அவர் அழுது முடியும்வரை அருளம்பலம் மீன் கழுவினார்.

வடகரைக்கு இருவரும் போனார்கள். பழைய துவக்கும், நாலு பெரிய தேத்தண்ணிப் போத்தலும் போயின. குகநேசன் தட்டினார். அருளம்பலம் நின்றார். மணிக்கு ஒருதரம் குகநேசன் எழுந்து போய்ச் சூடாக ஊற்றிக் கொடுத்தார். அருளம்பலம் பார்வையை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக் குடித்தார். பேச்சு அதிகம் இல்லை.

ஒன்பதாம் நாள், மத்தியானத்துக்குப் பிறகு, ஒரு ஏடு பிரிந்தது.

உள்ளே ஒரு இலை முழுதாகக் கிடந்தது. நேற்று விழுந்தது போல, ஓரத்தில் ஒரு பூச்சி கடித்த இடத்தோடு கிடந்தது. போன வருட இலை இதற்குப் பக்கத்தில் நிற்காது. குகநேசன் வாயைத் திறந்தார்.

கத்தவில்லை.

சுத்தியலைக் கீழே வைத்தார். கையுறையைத் தட்டிக்கொண்டு எழுந்து, அருளம்பலம் நின்ற மேட்டுக்கு ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார்.

"துவக்கைத் தாங்கோ, அண்ணை. கீழ ஒண்டு இருக்கு. நீங்கள் போய்ப் பாருங்கோ."

அருளம்பலம் அவரைப் பார்த்தார். இத்தனை நாளில் வேலை நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் நிக்கிறன்," என்றார் குகநேசன்.

துவக்கு கை மாறியது. அருளம்பலத்தின் காலடிகள் சரளையில் இறங்கிப் போயின. பிறகு நின்றன. முழங்கால் மடிகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் வேறு ஒரு சத்தமும் வரவில்லை.

முன்னால் வெள்ளை கிடந்தது. அதில் ஒன்றும் அசையவில்லை.

"தம்பி," என்றது பின்னாலிருந்து குரல். "இதில நரம்பெல்லாம் தெரியுது."

"ஓம், அண்ணை," என்றார் குகநேசன், பனியைப் பார்த்துக்கொண்டு.