யோனாவின் நாலாம் அதிகாரம்

“நாலு நாள் கூட்டம் கேக்காவ, டீச்சர். எங்கிட்ட மூணு நாளைக்குத்தான் சரக்கு இருக்கு,” என்றார் உபதேசியார் மாசிலாமணி.

ஞானப்பூ டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“யோனாவுக்கு நாலு அதிகாரம் இருக்கே.”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

மாசிலாமணி சைக்கிளை நிறுத்தப் போனார்.

முப்பது வருஷமாக அவர் யோனா தீர்க்கதரிசியைப் பிரசங்கித்து வருகிறார். தேரிக்காட்டு ஊர்களில் அவரைத் தெரியாத பந்தல் கிடையாது. முதல் நாள் கப்பல். அவர் புயலைச் சொல்லும்போது முன்வரிசைப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் மீன். மூன்றாம் நாள், கடவுள் அழிக்கப்போவதாகச் சொன்ன நினிவே பட்டணம் மனந்திரும்பி, ராஜா சாம்பலில் உட்கார்ந்து, ஆடுமாடு வரைக்கும் சாக்குத்துணி கட்டிக்கொள்ளும். “மாட்டுக்கு எந்தத் தையக்காரன்வே அளவெடுத்தான்?” என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அழ வைத்துவிடுவார். அது ஒரு கெட்டிக்காரத்தனம்.

நாலாம் நாள் பந்தல்காரர்கள் கயிறு அவிழ்ப்பார்கள். கூட்டம் என்றால் மூன்று நாள்தான். அதனால் நாலாம் அதிகாரம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அது மாசிலாமணிக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேதாகமக் கல்லூரி ஒன்றில் எபிரெயம் கற்பித்தவர். ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பாஷையைப் படிக்க ஆசைப்பட்ட மாசிலாமணி, சனிக்கிழமைதோறும் அவரிடம் வந்தார். வலது பக்கத்திலிருந்து வாசிக்கப் பழகவே ஒரு வருஷம் பிடித்தது.

“நாலாம் அதிகாரம் பிரசங்கத்துக்கு ஆகாது, டீச்சர்,” என்றார் திரும்பி வந்து. “ஊரு அழியாமத் தப்பிச்சிருச்சேன்னு ஒரு மனுசன் வெயில்ல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். இதப் போயி என்னத்தச் சொல்ல?”

“எந்த ஊர்ல கூட்டம்?”

“செம்மணல்விளை.”

கீரை உருவிய கை நின்றது.

பால்துரையின் ஊர் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு லோடு வேன் ஓட்டி, சந்தையிலிருந்து பைக்கில் வந்த ஆசீர் மேல் ஏற்றிக் கொன்றவன். ஆசீர் மாசிலாமணியின் ஒரே மகன். பால்துரை நாலு வருஷம் ஜெயிலில் இருந்தான். அங்கேயே மனம் மாறினான் என்று சொன்னார்கள். வெளியே வந்த பிறகு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. இப்போது செம்மணல்விளைக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறான். நாலாம் நாள் மத்தியானம் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்து. அன்றைக்குத்தான் அவனைச் சபையில் சேர்க்கிறார்கள்.

“அவர் மேல கோபமா?” என்றார் டீச்சர்.

“சேச்சே. ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கே மன்னிச்சுட்டேன்னு லெட்டர் எழுதிட்டேன். யோனாவுக்குக் கோவமும் இருந்துச்சு, விசனமும் இருந்துச்சு. எனக்குக் கோவம் இல்ல. விசனம் மட்டுந்தான்.”

விசனம் நல்ல சொல். பழைய வேதப் புஸ்தகத்துச் சொல். அதைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள்.

டீச்சர் தண்ணீர் கொடுக்கவில்லை. உள்ளே போய் எபிரெயப் புஸ்தகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து வந்தார்.

“மூணாம் அதிகாரம், கடைசி வசனம். நினிவேக்காரங்க எத விட்டுத் திரும்புனாங்க?”

மாசிலாமணியின் விரல் வலமிருந்து இடமாக நகர்ந்தது.

“ரா-ஆ. பொல்லாப்பு.”

“கோடு போடுங்க.”

போட்டார்.

“அடுத்த வரி. நாலாம் அதிகாரம் ஆரம்பிக்குது பாருங்க. யோனாவுக்கு என்ன வந்துச்சு?”

விரல் நகர்ந்து, நின்றது. மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சொல் மாறவில்லை.

“ரா-ஆ,” என்றார். “தமிழ்ல இங்க விசனம்னுல்லா இருக்கு?”

“தமிழாக்குனவங்களுக்கு யோனா மேல இரக்கம்.”

மாசிலாமணி கோடு போடவில்லை.

“ஊர்க்காரங்க அதக் கீழ போட்டுட்டாங்க, உபதேசியாரே. அடுத்த வரியில அது யாரு கையில இருக்கு?”

அவர் புஸ்தகத்தை மூடினார். டீ கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார். அவர் போன பிறகு டீச்சர் பென்சிலைத் தேடினார். அது மாசிலாமணியின் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

செம்மணல்விளையில் மூன்று நாளும் அமோகம். கப்பல் ஆடியது, மீன் விழுங்கியது, மாடு சாக்குத்துணி கட்டியது. கூட்டத்துக்கு முன்னால் ஜமுக்காளம் விரிப்பதும் முடிந்ததும் சுருட்டுவதும் பால்துரைதான். மற்ற நேரமெல்லாம் கடைசித் தூணருகே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மாட்டுக்கு அவன் மட்டும் சிரிக்கவில்லை என்பதை மாசிலாமணி மேடையிலிருந்து கவனித்தார். கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கவனித்தார்.

நாலாம் நாள் காலையில் டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி எழுந்து நாலாம் அதிகாரத்தை வாசித்தார்.

“யோனாவுக்கு இது பெரிய பொல்லாப்பாயிருந்தது.”

இரண்டாம் வரிசையில் மடியில் வேதப் புஸ்தகத்தோடு இருந்த நேசையா தலையை நிமிர்த்தினார். ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர். வசனத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் விடமாட்டார்.

“உபதேசியாரே, இங்க விசனம்னு போட்டிருக்கு.”

பந்தல் முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம். வசனத்தைத் தப்பாக வாசிப்பது அந்த ஊர்ப்பக்கத்தில் சின்னக் குற்றமில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“ஆமா,” என்றார் மாசிலாமணி. “நானும் ஆறு வருசமா அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

அன்றைக்குப் புயல் இல்லை, மீன் இல்லை. கையை வீசவுமில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“மன்னிச்சுட்டேன்னு லெட்டர் போட்டது நெசம். போட்டுட்டுச் சும்மா இருக்கல. அவன் மறுபடி குடிச்சுட்டான், பாலத்துக்கு அடியில விழுந்து கெடக்கான்னு யாராவது ஒரு சேதி கொண்டாருவாவளான்னு ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன். ஊருக்கு வெளிய குடிசை போட்டு உக்காந்து, எப்ப எரியும் எப்ப எரியும்னு யோனா பாத்தாருல்ல, அப்படி. அவன் நல்லா இருக்கான்னு கேள்விப்படுத அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது.”

கடைசித் தூணருகே பால்துரை தலையை நிமிர்த்தினான்.

அந்தப் புஸ்தகம் கடவுளின் ஒரு கேள்வியோடு முடிகிறது. இத்தனை பேர் இருக்கிற பட்டணத்துக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக இல்லை. மாசிலாமணியும் சொல்லவில்லை. கேள்வியை வாசித்துவிட்டு இறங்கிவிட்டார்.

டீச்சரைத் தேடிப் போனார்.

“நான் என்ன பதில் சொல்லியிருக்கணும், டீச்சர்?”

“இலை போட்டாச்சு,” என்றார் டீச்சர். “போய் உக்காருங்க.”

பந்தியில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் நேசையா. சோற்று வாளியோடு வந்தவன் பால்துரை. ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டு வந்தான். மாசிலாமணியின் இலை வந்ததும் நின்றான். பிறகு அதைத் தாண்டி அடுத்த இலைக்குக் குனிந்தான்.

மாசிலாமணி வாளியின் விளிம்பைப் பிடித்தார்.

பால்துரை நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“அந்தப் பொல்லாப்பு இன்னும் முழுசாப் போகல, பால்துரை,” என்றார் மாசிலாமணி. “நீ சோத்தப் போடு.”