சாட்சி சொல்ல வந்த ஆமை

அந்தக் காலத்தில் கடலில் இருந்ததும் கரையில் இருந்ததும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தன. நாரை கூப்பிட்டால் நண்டு என்ன என்று கேட்கும். வலையில் மாட்டிய மீன் வலைக்காரனைப் பேர் சொல்லித் திட்டும். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டுதான் அவனும் குழம்பு வைக்க வேண்டும். ஆமைக்கு அப்போது கரையிலும் வீடு இருந்தது. முட்டையிட்ட இடத்திலேயே காவல் இருந்து, குஞ்சுகள் வெளியே வந்ததும் கூட்டிக்கொண்டு திரியும். நல்ல கணீரென்ற குரல் அதற்கு. அழுகை என்றால் என்னவென்றே தெரியாது.

அப்படியிருந்த நாளில், அக்கரை ராசாவின் கொடுமை தாங்காமல் ஏழு வள்ளங்களில் நாற்பத்துமூன்று பேர் தப்பி வந்தார்கள். சிலுவையைக் கும்பிடுகிறவர்கள். தன்னைக் கும்பிடச் சொன்னான் ராசா, மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். நடுக்கடலில் திசை தப்பி, குடிதண்ணீரும் தீர்ந்து, செபமாலையை உருட்டியபடி கிடந்தவர்கள் முன்னால் ஒரு பேராமை தலையைத் தூக்கியது. "என் பின்னாலயே வாங்க" என்றது. மூன்று நாள் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டு, ஆளில்லாத ஒரு மணல் தீவில் வந்து இறங்கினார்கள்.

இறங்கியதும் முழங்காலிட்டு மண்ணை முத்தம் செய்தார்கள். பாய்மரம் ஒன்றை வெட்டிச் சிலுவையாக நட்டார்கள். சிலுவைக்கரை நாடு என்று பேர் வைத்தார்கள். நாற்பத்துமூன்று பேருக்கு ஒரு நாடா என்று சிரிக்க வேண்டாம். ராசா இல்லாத நாடு அது. அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது ராசாவிடம் அடிபட்டவனுக்குத்தான் தெரியும்.

சிலுவைக்குப் பின்னால் ஓலைக் கோயில் ஒன்று எழுந்தது. அந்த ஒரே கூரைதான் நாட்டுக்கு எல்லாமும். காலையில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் படித்தார்கள், அது பள்ளிக்கூடம். பின்புறம் பாய் விரித்துக் காய்ச்சல்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள், அது ஆஸ்பத்திரி. சாயங்காலம் பூசைப் பாட்டு முடிந்த கையோடு வழக்குப் பேசினார்கள், அது கோர்ட்டு. அக்கரையில் ஏழைக்கு எழுத்தும் கிடையாது, மருந்தும் கிடையாது, நியாயமும் கிடையாது. இங்கே மூன்றும் சாமி பேரைச் சொல்லி இலவசமாகக் கிடைத்தன.

இத்தனையையும் தூக்கி நிறுத்தியவர் உபதேசியார் எஸ்தாக்கி. குருவானவர் யாரும் கூட வராததால் செபம் சொல்வது, செத்தவர்களை அடக்குவது, பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். நாட்டுக்குச் சட்டம் எழுத வேண்டி வந்தபோதும் அவரையே எழுதச் சொன்னார்கள். பத்துக் கட்டளைகளை அப்படியே எழுதினார். பிறகு ஓலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அப்பாவை அக்கரை ராசா கழுவில் ஏற்றியிருந்தான். ஒரு வேளைச் சோற்றுக்கு வந்த மூன்று பேர் பொய்ச்சாட்சி சொன்னதுதான் காரணம். அந்த மூன்று முகங்களையும் மறக்காமல், எஸ்தாக்கி தன் கையால் பதினோராவது சட்டத்தை எழுதினார்: 'சர்வேசுரன் பேரால் ஞானஸ்நானம் பெற்று, கோயில் புத்தகத்தில் பேர் ஏறியவர் தவிர வேறெவர் சாட்சியும் இந்த நாட்டில் செல்லாது. அவரும் தம் கண்ணால் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும்.'

வாசித்துக் காட்டியபோது ஊரே கண்கலங்கி ஆமென் சொன்னது. வழிகாட்டி வந்த பேராமையும் கோயில் வாசலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. "நல்ல சட்டம்தான் உபதேசியாரே" என்று அதுவும் தலையாட்டியது. அதன் போதாத காலம்.

ஐந்து வருஷம் போயிற்று. எஸ்தாக்கியின் தங்கை மதலேனாளைக் கட்டியிருந்தவன் கயித்தான். வாய்த்துடுக்கு உண்டே தவிர, கல்மிஷம் இல்லாத ஆள். ஒருநாள் காலையில் அவனுக்கும் பங்கிராசுக்கும் கரையில் வைத்தே சண்டை. பங்கிராஸ், ஊர்த்தலைவர் வஸ்தியானின் ஒரே மகன். யார் வலையை யார் மிதித்தது என்கிற ஒன்றுமில்லாத விஷயம். "ரொம்பப் பேசினேன்னா உன்னைக் கடல்லயே விட்டுட்டு வந்துருவேன்" என்று கயித்தான் கத்தினான். கத்திவிட்டு, இருவரும் வழக்கம்போல் ஒரே வள்ளத்தில் ஏறிப் போனார்கள். மத்தியானம் கயித்தான் மட்டும் திரும்பி வந்தான். சட்டை கிழிந்திருந்தது.

"நங்கூரக் கயிறு பங்கிராஸ் கால்ல சுத்தி இழுத்துட்டுப் போயிருச்சு. நானும் குதிச்சேன், முடியல" என்று மணலில் விழுந்து அழுதான். நம்புவதற்கு ஆளில்லை. காலையில் அவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. கொலை என்று சொல்லி அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் பேராமை எஸ்தாக்கியைத் தேடி வந்தது.

"உபதேசியாரே, நான் பாத்தேன். வள்ளத்துக்குக் கீழதான் கெடந்தேன். கயிறு அந்தப் பையன் கால்ல சுத்திக்கிட்டது நெசம். கயித்தான் ரெண்டு தடவ முங்கினான். ரெண்டாவது தடவ அவனே செத்துருப்பான். நான்தான் முட்டி மேல தள்ளினேன். சட்டை என் ஓட்டுல மாட்டித்தான் கிழிஞ்சுது."

எஸ்தாக்கி ஆமையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. "சாயங்காலம் வழக்கு. வந்து சொல்லிடு, தாயே" என்றார். தங்கை வீட்டுக்கு ஓடி, "கவலைப்படாதே, உன் புருசன் வந்துருவான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில்தான் பதினோராவது சட்டம் அவருக்கு ஞாபகம் வந்தது. பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. முதலில் இரண்டு பேர் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சாட்சி சொன்னார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். கயித்தான் கத்தியதைக் கண்ணால் கண்டோம் என்றார்கள். அது உண்மைதான். கிழிந்த சட்டையைப் பார்த்தோம் என்றார்கள். அதுவும் உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய் கலக்காமல் ஒரு மனிதனைக் குழிக்குள் தள்ள முடியும் என்று எஸ்தாக்கி அன்றைக்குத்தான் கண்டார்.

அப்போது ஆமை வாசலிலிருந்து ஊர்ந்து உள்ளே வந்தது. "நான் பாத்தேன்" என்று ஆரம்பித்தது.

"நில்லு" என்றார் வஸ்தியான். மகனைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. "உபதேசியாரே, பதினோராவது சட்டத்தை வாசிங்க."

எஸ்தாக்கி வாசித்தார்.

"ஆமை எங்கிட்ட காலையிலேயே எல்லாத்தையும் சொல்லிருச்சு தலைவரே..." என்றார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் பேசப்புடாது. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீக."

ஆமை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எஸ்தாக்கியின் காலடிக்கு வந்து, ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை முழுசாக நீட்டித் தலையைக் குனிந்தது.

"அப்போ எனக்கும் தண்ணி ஊத்துங்க, உபதேசியாரே. ஒரு பேர் வைங்க. புத்தகத்துல ஏத்துங்க. பிறகு சொல்லுதேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனாள் எழுந்து நின்றாள். "அண்ணே, ஊத்துங்க" என்றாள்.

தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது. குழந்தைகளுக்கு ஊற்றுகிற அதே செம்பு. எஸ்தாக்கி எடுத்தார். ஆமையின் தலைக்கு மேல் வரைக்கும் கொண்டுபோனார். செம்பு சாய்ந்து ஓரிரு சொட்டு தரையில் விழுந்தது.

வஸ்தியான் எழுந்தார். "என் மவன் பங்கிராசுக்குத் தண்ணி ஊத்தின கையி அது" என்றார். "அதே கையால ஒரு ஆமைக்கு ஊத்துவீரா? சரி, ஊத்தும். நாளைக்கு அக்கரை ராசா ஒரு காக்காயை அனுப்புவான். அதுவும் தலையக் குனிஞ்சு நிக்கும். அதுக்கும் பேரு வைப்பீரு. அது நம்ம பிள்ளைகள்ல ஒருத்தன் மேல சாட்சி சொல்லும். உம்ம அப்பன் எப்படிச் செத்தான்னு மறந்துட்டீரா?"

அந்தக் கடைசிச் சொல் போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. எஸ்தாக்கி கூட்டத்தைப் பார்த்தார். அவர் எழுத்துச் சொல்லிக்கொடுத்த முகங்கள், மருந்து அரைத்துக் கொடுத்த முகங்கள். அத்தனை பேர் கண்ணிலும் பயம் இருந்தது. ஒரு வரியை இளக்கினால் நாடே இடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். சர்வேசுரன் பார்த்துக்கொள்வார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் சர்வேசுரனை நம்பினார் என்று நான் சொல்லமாட்டேன். ஊரைப் பார்த்துப் பயந்தார், அதுதான் விஷயம்.

செம்பைக் கீழே வைத்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். தங்கை இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

ஆமை குனிந்த தலையைத் தூக்காமலே திரும்பி, வந்த வழியே ஊர்ந்து வெளியே போயிற்று.

கொலைக்கு அந்த நாட்டில் ஒரே ஒரு தண்டனை. ஐந்தாம் கட்டளை கொலை செய்யாதிருப்பாயாக என்று சொல்வதால், குற்றவாளியை அவர்கள் கொல்லமாட்டார்கள். துடுப்பும் பாயும் இல்லாத தோணியில் உட்காரவைத்து, அலை தாண்டி இழுத்துப்போய் விட்டுவிடுவார்கள். கடவுள் நினைத்தால் காப்பாற்றட்டும் என்பார்கள். கழுவேற்றிய அக்கரை ராசா கையில் ரத்தம் இருந்தது. இவர்கள் கை சுத்தமாக இருந்தது; இதைவிட மோசமாக எதைச் சொல்ல?

மறுநாள் காலை கயித்தானைத் தோணியில் ஏற்றினார்கள். வள்ளங்கள் இழுத்துப் போகும்போது கரையில் நின்றவர்கள் அவன் ஆத்துமத்துக்காகப் பாட்டுப் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள்.

தோணி நகரும் முன் கயித்தான் எஸ்தாக்கியைக் கூப்பிட்டான்.

"மச்சான், எம்புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க. அந்தப் புள்ளையாவது வேற மாதிரி எதாவது எழுதட்டும்."

வேறொன்றும் அவன் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எஸ்தாக்கி அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

தோணி கண்ணுக்கு மறைகிற நேரத்தில், பேராமை அலைக்குள் இறங்கி அதே திசையில் போவதை மதலேனாள் பார்த்தாள். அதற்குப் பின்னால் கரையிலிருந்த ஆமைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. மதலேனாள் மட்டும் கரையிலேயே தங்கிவிட்டாள். ஆமை தோணியைத் தேடித்தான் போயிருக்கிறது, அவரை எங்கேயாவது கரை சேர்த்துவிட்டு வந்து சொல்லும் என்றாள். கஞ்சி கொண்டுபோனால் குடிப்பாள். வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள்.

நாற்பத்தோராம் நாள் பேராமை வந்தது.

கரையேறும் முன்பே மதலேனாள் தண்ணீருக்குள் ஓடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இருக்காரா? உசுரோட இருக்காரா?" என்று கேட்டாள். ஆமை அவளைத் தாண்டி மெல்ல மணல் மேட்டுக்கு ஏறியது. சேதி கேட்டு எஸ்தாக்கி மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஊரும் வந்தது, வஸ்தியானும் வந்தார்.

எஸ்தாக்கி மணலில் அதன் முன்னால் விழுந்தார். "தாயே, ஞானஸ்நானமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். சும்மா சொல்லு. என் தங்கச்சிக்கு மட்டும் சொல்லு. இருக்கானா, இல்லியா?"

ஆமை வாயைத் திறந்தது. மூச்சுதான் வந்தது. அவ்வளவு கணீரென்று ஒலித்த குரல் அந்தத் தொண்டையில் இல்லை. சொல்லப் பயனில்லாத வாய்க்குக் குரல் எதற்கென்று அதுவே கடலில் விட்டுவிட்டு வந்ததோ, நாற்பது நாள் தோணியின் பின்னால் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தீர்ந்துபோனதோ, யாருக்கும் தெரியாது. இரண்டு கண்ணிலிருந்தும் கெட்டியாக நீர் வழிந்தது. அழுதுகொண்டே மணலைத் தோண்டி, அழுதுகொண்டே முட்டையிட்டு, பின்னங்காலால் மண்ணைத் தள்ளி மூடியது. காவல் இருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

எஸ்தாக்கி அடுத்த வாரமே சபையில் எழுந்து பதினோராவது சட்டத்தை அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். நாட்டின் அஸ்திவாரத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கல்லுக் கோயில் வந்தது. பக்கத்தில் தனியாகக் கோர்ட்டும் வந்தது. அந்தச் சட்டத்தை வாசல் நிலையில் கல்லிலேயே வெட்டினார்கள். மதலேனாள் தாலியைக் கழற்றவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. புருசன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமலே கிழவியாகிப் போய்ச் சேர்ந்தாள்.

அன்று முதல்தான் ஆமைக்குக் குரல் இல்லை. முட்டையிடக் கரையேறும்போதெல்லாம் கண்ணீர் விடுகிறது, குஞ்சு முகம் பார்க்க நிற்காமல் போய்விடுகிறது. சிலுவைக்கரையில் கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், அந்த வீட்டுப் பெண் இன்றைக்கும் முட்டையிட வந்த ஆமையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இருக்காரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கிறாள்.