‘போய் வருகிறேன்’ என்ற தைலப் பூதம்

முன்னொரு காலத்திலே, உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் முதல் தும்மல் தும்முவதற்கும் முன்னாலே, சாரல்நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. மழை விட்டால் தூறல், தூறல் விட்டால் சாரல், சாரல் விட்டால் மறுபடி மழை. போட்ட துணி காயாத ஊர். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிற ஒருத்திக்குக் கோபம் வருமா, வராதா? வந்தது. அவள் பெயர் பூங்காவனம்.

மலைக் கணவாய் ஓரத்தில் குடிசை போட்டு, அந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது அவள் பிழைப்பு. தவழ்கிற வயதில் அல்லி என்று ஒரு பெண் குழந்தை. ஆயிரம் வேலை இருந்தாலும் அந்தக் குழந்தையைத் தூக்கி உச்சி மோந்துவிட்டால் போதும், பூங்காவனத்தின் கோபம் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதிக்குக் காரணம் அவள் புருஷன் நாகலிங்கம்.

நல்லவன்தான். ஆனால் எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை. கூரை ஒழுகுதே? “ம்ம்.” விறகு எங்கே? “ம்ம்.” மாடு எங்கே? “ம்ம்.” இப்படி ஒருத்தனோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள், தெரியும்.

ஒரு நாள் நெட்டையாக ஓர் ஆள் வந்து சுக்குத் தண்ணீர் கேட்டான். குவளையை மூக்கருகே வைத்து மோந்தான், மோந்தான், இன்னொரு தரம் மோந்தான். முகம் தொங்கிப் போனது. அவன்தான் மூக்கறியான் என்ற மந்திரவாதி. பிறந்ததிலிருந்து அவனுக்கு ஒரு வாசனையும் தெரியாது. தனக்கு இல்லாதது ஊரில் யாருக்கும் இருக்கக் கூடாது என்று நினைக்கிற ரகம்.

“தாயி, இந்தா ஒரு தைலம். குளிருக்கு ரொம்ப இதம். மணிக்கட்டுல ஒரே ஒரு சொட்டு தடவிப் பாரு” என்று ஒரு சின்னக் குப்பியை நீட்டினான். நீட்டியவன் நிற்கவில்லை, மழைக்குள் மறைந்துவிட்டான்.

சும்மா கிடைக்கிறதே என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள், பேசாமல் கேளுங்கள்.

பூங்காவனம் ஒரு சொட்டை மணிக்கட்டில் தடவினாள். முதலில் கிராம்பு. பிறகு பட்டை, ஏலம். அதற்கெல்லாம் அடியிலிருந்து சாம்பிராணி, மெல்ல மெல்ல, அடுப்படி வெதுவெதுப்போடு எழுந்து வந்தது. சூடு தோள்வரைக்கும் ஏறியது. “அப்பாடா!” என்று கண்ணை மூடினாள். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக அவளுக்குக் குளிரவில்லை.

கண்ணைத் திறந்தால், மணிக்கட்டிலிருந்து புகை கிளம்பி, கூரையைத் தொட்டு, தலைப்பாகை கட்டி, கைகட்டி நிற்கிறது!

“வணக்கம் அம்மணி. அடியேன் பெயர் குங்கிலியன். தைலப் பூதம். தங்களுக்கு என்ன வேண்டும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். முதல்ல போ!”

“உத்தரவு அம்மணி. போய் வருகிறேன்” என்று வாசல் தாண்டி மறைந்தது.

விட்டது தொல்லை என்று பூங்காவனம் அடுப்பைப் பார்த்தாள். சுக்கு கொதிக்கிறது, வாசனை இல்லை. குடிக்க வந்தவர்கள், “என்னம்மா, வெறும் வெந்நீரைக் கொடுக்கிறே?” என்று முகம் சுளித்தார்கள். பூதம் போகும்போது சுக்கின் வாசனையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

மறுநாள் மணிக்கட்டு சுட்டது. கிராம்பு, பட்டை, ஏலம், சாம்பிராணி. “வணக்கம் அம்மணி. சொன்னபடி வந்துவிட்டேன்.”

“உன்னை யாரு வரச் சொன்னா? போய்த் தொலை!”

“உத்தரவு அம்மணி. போய் வருகிறேன்.”

இந்தத் தடவை மண்வாசனை போயிற்று. மழை நாட்டில் மண்வாசனை இல்லாவிட்டால் மழையில் மிஞ்சுவது என்ன? சேறுதான். அதோடு விட்டதா? அடுத்த நாள் வந்து நின்று, “போனேன், தொலைத்தேன், வந்தேன்” என்றது.

“எதைத் தொலைச்சே?”

“தங்கள் அகப்பையை. எதைத் தொலைக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை. கைக்குக் கிடைத்தது அதுதான்.”

பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டாள். சீயக்காய் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மணம் கூடியதே தவிரக் குறையவில்லை. “ஐயோ, கிளம்பித் தொலையேன்!” என்று கத்தினாள்.

“உத்தரவு அம்மணி. போய் வருகிறேன்.”

அழாத குறையாகக் குழந்தையை வாரியெடுத்து உச்சி மோந்தாள். ஒன்றுமே இல்லை. வெறும் செம்பை மோந்த மாதிரி இருந்தது. பாலும் நல்லெண்ணெயும் கலந்த அந்த உச்சி வாசனையைக் காணோம்! இதுவரைக்கும் கோபப்பட்டவள் இப்போது பயந்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மாலை மணிக்கட்டு சுட்டதும் அவளே வாசலில் போய் நின்றாள். “ஏன் இப்படிப் பண்றே? எம் புள்ள வாசனையைக் குடு!”

பூதம் தலைகுனிந்தது. “என்னிடம் இல்லை அம்மணி. எல்லாம் மூக்கறியானின் ஜாடியில் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்தும் வெறுங்கையோடு வராதே என்பது அவன் கட்டளை. பொழுது சாய்வதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். இன்றைக்கு எடுத்துப் போக வேண்டியது…” என்று இழுத்தது.

“சொல்லு.”

“தங்கள் வாசனை. அதன் பிறகு குழந்தைக்குத் தங்களை அடையாளம் தெரியாது.”

பூங்காவனம் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். “இதுக்கு ஒரு முடிவே இல்லையா?”

“உண்டு. வருகிறேன் என்று சொல்லாமல் ஏதாவது ஒரு வாசலை நான் தாண்டிவிட்டால் கட்டு அறுந்துவிடும். சொன்னால் வந்தே தீர வேண்டும், நான் சொன்ன சொல் தவற மாட்டேன். எத்தனையோ ராஜா காலமாக நானும் பார்க்கிறேன். முடியவில்லை.”

“அட கிரகமே! இவ்வளவுதானா? ‘போறேன்’னு சொல்லிட்டுப் போயேன்!”

பூதம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. “சிவசிவா! குழந்தை இருக்கிற வீட்டில் நின்றுகொண்டு ‘போகிறேன்’ என்று சொல்வதா? அபசகுனம்!”

“சரி, ஒண்ணுமே சொல்லாமப் போ.”

“சொல்லாமல் கொள்ளாமல் போக நான் என்ன திருடனா அம்மணி?”

“பின்னே நீ யாராம்!” என்று பாய்ந்து அதன் வாயைப் பொத்தினாள். புகையைப் பொத்த முடியுமா? விரலிடுக்கு வழியாக, “போய் வரு…” என்று கிளம்பியது. அவசரமாகக் கையை எடுத்துவிட்டாள்.

கேட்டீர்களா கூத்தை! வீட்டைக் கொள்ளையடிக்கலாமாம், விடைபெறாமல் போகக் கூடாதாம். இந்த மாதிரி மரியாதைக்காரர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

மேற்கே வானம் சிவந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து நாகலிங்கம் உள்ளே நுழைந்தான். பூங்காவனம் அவன் மேல் பாய்ந்தாள். “யோவ், எம் புள்ளைக்கு என்னைத் தெரியாமப் போவப் போவுதுய்யா! ஏதாச்சும் வாயைத் திறந்து சொல்லேன்!”

நாகலிங்கம் பூதத்தைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். கண் கலங்கியது. பாவம், ஏதோ சொல்லத்தான் பார்த்தான். வாய் நிறைய வெற்றிலை.

“ம்ம்” என்றான்.

அடிக்கக் கையை ஓங்கிய பூங்காவனம் ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். ம்ம்! கையை இறக்கினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூதத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“ஐயா குங்கிலியரே, என்னைத் தப்பா நினைக்காதீங்க. இத்தனை தரம் நம்ம வீட்டுக்கு வந்தீங்க, ஒரு தாம்பூலம்கூடக் கொடுக்கலை. விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பினா பாவம் எனக்குத்தானே?”

பூதத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. “எனக்குத் தாம்பூலமா! இதுவரை ஒரு வீட்டிலும் யாரும் தந்ததில்லை அம்மணி.”

பூங்காவனம் புருஷனின் வெற்றிலைப் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். வெற்றிலையை அடுக்கினாள், சுண்ணாம்பு தடவினாள், பாக்கை அள்ளிப் போட்டாள், மடித்து மேலே ஒரு கிராம்பைக் குத்தினாள். நாகலிங்கம் போடுவதுபோல இரண்டு மடங்கு! “இதை வாயில போட்டுக்கணும், நான் பார்க்கணும். மிச்சத்தைக் கையில எடுத்துக்கணும்” என்று ஒரு கவுளி வெற்றிலையையும் கையில் திணித்தாள்.

கொடுத்த தாம்பூலத்தை மறுக்கலாமா? மறுக்கக் கூடாது. பூதம் போட்டுக்கொண்டது. மென்றது. இரண்டு கன்னமும் உப்பின. பொழுதும் சாய்ந்தது.

பூதம் கைகூப்பியது. சொல்ல வாயெடுத்தது. உதட்டோரம் சிவப்பாக வழிந்தது, சட்டென்று மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் பார்த்தால் மெழுகிய தரை. அந்தப் பக்கம் பார்த்தால் வாசல் கோலம். அங்கெல்லாம் துப்புகிற அளவுக்கு அது வளர்ப்புக் கெட்ட பூதம் இல்லை. கையில் தாம்பூலம் இருந்ததால் வேறெதையும் எடுக்கவும் இல்லை. கூப்பிய கையோடு, கோலத்தை மிதிக்காமல், வாசலைத் தாண்டியபடியே சொன்னது:

“ம்ம்!”

அவ்வளவுதான். படாரென்று எங்கோ ஒரு சத்தம். மூக்கறியானின் ஜாடி உடைந்துவிட்டது. அதோடு அவன் மூக்கும் திறந்துகொண்டது. அத்தனை வருஷம் திருடிய வாசனை எல்லாம் ஒரேயடியாக உள்ளே புகுந்தால் தாங்குமா? மல்லிகை மட்டுமா இருந்தது? கருவாடும் இருந்தது, மாட்டுக் கொட்டிலும் இருந்தது, ஈரச் செருப்பும் இருந்தது. தும்மித் தும்மியே சாரல்நாட்டு எல்லையைத் தாண்டி ஓடினான்.

பூதம் அடுத்த மலைக்குப் போய்த்தான் துப்பியதாம். அந்த மலையில் முருக்கமரம் அப்படிச் சிவக்கச் சிவக்கப் பூப்பது அதனால்தான் என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் அது பாடிக்கொண்டே போனது நிஜம்.

கணவாயில் சுக்கு மணத்தது. வெளியே மண் மணத்தது. பூங்காவனம் அல்லியைத் தூக்கி உச்சி மோந்தாள். பாலும் நல்லெண்ணெயும்! மோந்தாள், மோந்தாள், இன்னொரு தரம் மோந்தாள். குழந்தையோ அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மோந்து, ஒரு தும்மல் போட்டு, கெக்கெக்கென்று சிரித்தது. அங்கே இன்னும் கிராம்பும் பட்டையும் ஏலமும் சாம்பிராணியும் இருந்தன. ஆனால் இப்போது அது பூதமில்லாத வெறும் தைலம், குளிருக்கு இதமான தைலம்.

வாழ்நாளில் முதல்முறையாக நாகலிங்கம் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். “ஏன் புள்ளே, பூதம் போயிருச்சா? இனிமே வராதில்ல? நெசமாவே வராதா?”

பூங்காவனம் அவன் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். மடித்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள்.

“ம்ம்” என்றாள்.

அந்த அம்மாவும் பிள்ளையும் வெதுவெதுப்பாக வாழ்ந்தார்கள், நீங்களும் அப்படியே வாழுங்கள். என்ன, இன்னும் ஏதோ கேட்க வருகிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். என் வாயிலும் வெற்றிலை இருக்கிறது.