வேப்பமர நிழலும் கப்பல் காரும்

மணப்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளுக்கு இடம் காட்டுகிற வேலை செங்கமலத்துக்கு. காலைப் பந்தி நேரத்தில் கப்பல் மாதிரி ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் மாமா குலசேகரன் தானே ஓட்டி வந்திருந்தார். காருக்கு மாலை போடுவார்கள், சரி. நம்பர் பலகையை மூடி எதற்கு மாலை என்று செங்கமலத்துக்கு நெருடியது.

"மரத்து நிழல்ல நிக்கிற அந்த டப்பாக் காரை எடு, அங்க என் வண்டி நிக்கணும். வண்டியப் பாத்தே ஆளோட வசதி தெரிய வேண்டாமா? எடுக்கலேன்னா ஒங்க மொதலாளிகிட்ட சொல்லி ஒன் வேலையக் காலி பண்ணிருவேன்" என்றார்.

டப்பாக் காரின் சாவி அவளிடம் ஏது?

"ஆகட்டுங்கய்யா, அந்தக் கார்க்காரரைக் கூட்டிட்டு வர்றேன். ஒங்க கண்ணாடியில காக்கா எச்சம் போட்டிருக்கு, அதுக்குள்ள வைப்பரைப் போட்டுத் தொடைச்சிருங்க."

குலசேகரன் வைப்பர் என்று நினைத்து ஒரு பொத்தானை அமுக்கினார், சீட் சாய்ந்து அவரை மல்லாத்தியது. இன்னொன்றைத் திருகினார், குத்துப்பாட்டு கிளம்பியது. மூன்றாவதை இழுத்தார், டிக்கி திறந்துகொண்டது. உள்ளே 'வாடகைக்குக் கிடைக்கும்' என்ற பலகை பல்லைக் காட்டியது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்து சிரித்தார்கள்.

செங்கமலம் கூட்டி வந்தது மண்டப முதலாளியை. "டப்பா என்னுதுதான். நகத்தணுமா?" என்றார் அவர், குலசேகரனைப் பார்த்து.

"வேண்டாங்கய்யா," என்றாள் செங்கமலம், தலையைக் குனிந்தபடியே. "வண்டியப் பாத்து ஆளைத் தெரிஞ்சுக்கச் சொன்னாரு. தெரிஞ்சுகிட்டேன்."