நிழலுக்கு இரண்டு சொல் வந்தது எப்படி

அந்தக் காலத்தில் மாடும் கொக்கும் மனிதர்களோடு சரிக்குச் சரியாக நின்று பேசின. ஆங்கிலம் பேசுகிறவர்களின் தீவிலும் அப்படித்தான். அப்போது ஆங்கிலம் சின்ன மொழி, சொற்கள் கொஞ்சம். நம்மைப் போலவே அவர்களுக்கும் நிழலுக்கு ஒரே சொல்தான் இருந்தது. 'ஷேட்' என்பார்கள். மரத்தடியில் குளுகுளுவென்று இருப்பதும் ஷேட், நடக்கும்போது காலில் ஒட்டிக்கொண்டு வருவதும் ஷேட். வெயிலே அபூர்வமான ஊர் என்பதால் யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை.

அந்தத் தீவில் ஓடைக்கரை ஊர் ஒன்றில் லியோபா என்ற பெண் இருந்தாள். கணவன் பெயர் ஆஸ்ரிக். அவர்களுக்கு வின் என்று ஒன்பது மாதக் குழந்தை. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். வீட்டில் ஒரு செவலைப் பசுவும் இருந்தது. பிள்ளை பெற்ற கையோடு லியோபா காய்ச்சலில் விழுந்தபோது, அந்தப் பசுவின் பாலைக் குடித்துத்தான் குழந்தை பிழைத்தது. அதனால் பசுவுக்கு அவன்மேல் தனி உரிமை. "நம்ம பையன்" என்றுதான் அது சொல்லும்.

ஒரு கோடையில், அந்த ஊர் கண்டிராத வெயில் அடித்தது. இன்னும் மூன்று நாளில் பெருமழை வரும் என்று ஓடைக் கொக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது. அதற்குள் புல்லை அறுத்துக் காயவைத்துச் சேர்க்காவிட்டால் குளிர்காலத்தில் மாடுகள் பட்டினி கிடக்கும். ஊரே அரிவாளோடு புல்வெளியில் இறங்கியது.

லியோபா குழந்தையைக் கரையோரத்து ஓக் மரத்தடியில் கம்பளி விரித்துப் படுக்கவைத்தாள். பக்கத்தில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"செவலை, நான் போய்க் கொஞ்சம் அறுத்துவிட்டு வருகிறேன். இவன் நிழலை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறாயா?"

"நீ போ. நம்ம பையன் நிழலை விட்டு ஒரு விரல்கூட வெளியே வரமாட்டான். இது என் வாக்கு."

குழந்தை விழித்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. பசு மரத்தடிக்குச் சற்று வெளியே வெயிலில் நின்றது. புல்லின் மேல் கறுப்பாக இரண்டு காதும் ஒரு வாலும் ஆடுவதைக் குழந்தை பார்த்தான். சிரித்துக்கொண்டே தவழ்ந்து போய் அந்த வாலைப் பிடிக்கப் பார்த்தான். கை நிறையப் புல்தான் வந்தது.

பசுவுக்குத் தாகம். ஓடைப் பக்கம் மெல்ல நடந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. குழந்தை அதன் நிழலுக்குள்ளேயே தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். பசுவுக்குத் திருப்தி. கரையில் நின்று தண்ணீர் குடிக்கக் குனிந்ததும் காதின் நிழல் தண்ணீரில் விழுந்தது. குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவ்வளவுதான், தலைகுப்புற உள்ளே விழுந்துவிட்டான்.

பசு அலறிய அலறலில் லியோபா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீரில் குதித்தாள். தூக்கியபோது குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது. பிறகு அழுகை. அவளும் சேர்ந்து அழுதாள்.

ஆஸ்ரிக்கும் ஓடிவந்தான். நேராகப் போய்ப் பசுவின் கழுத்தில் கயிற்றைப் போட்டான்.

வாக்குக் கொடுத்து அதை மீறிய மிருகத்தை வெட்டிவிடலாம் என்பது மனிதரும் மிருகமும் சேர்ந்து எழுதிய சட்டம். அறுப்பை நிறுத்திவிட்டு ஊர் கூடியது. ஊர்த்தலைவர் காட்வின் பசுவிடம் கேட்டார்: "நீ வாக்கை மீறினாயா?"

"இல்லை தலைவரே. நிழலை விட்டு வெளியே விடாதே என்றாள், விடவில்லை. தண்ணீரில் விழுந்தபோதும் அவன் என் நிழலில்தான் இருந்தான்."

கூட்டம் கொதித்தது. "திமிரைப் பார்!" என்றார்கள். ஆஸ்ரிக் மனைவி பக்கம் திரும்பினான். "மரத்து நிழல் என்றுதானே சொன்னாய்? சொல், லியோபா."

அவள் மடியில் குழந்தையின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. அவளுக்கும் பசுமேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.

"இல்லை. நிழல் என்று மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

ஆஸ்ரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அப்படியானால் தப்பு யாருடையது?" என்றார் காட்வின்.

"தெரியவில்லை தலைவரே. பார்த்தால்தான் தெரியும்."

குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, பசுவின் நிழல் விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். புல்லைத் தொட்டுப் பார்த்தாள். "இதுவும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குக் காது இருக்கிறது, கொம்பு இருக்கிறது. செவலை, கொஞ்சம் நகரேன்." பசு நகர்ந்தது. லியோபாவின் முகத்தில் வெயில் அடித்தது. எழுந்து மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். "இங்கே காதும் இல்லை, கொம்பும் இல்லை. வெயில் இல்லாத இடம், அவ்வளவுதான்."

"மரத்து நிழலும் சாயங்காலம் நீளமாக வயலில் விழுகிறதே? கிளை கிளையாகத் தெரியுமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்படியானால் மரத்துக்கும் இரண்டு இருக்கிறது போல" என்றாள் லியோபா. அவளுக்கே வியப்பாக இருந்தது. "தள்ளி நின்று பார்க்கிற உருவம் ஒன்று. உள்ளே போய் உட்காருகிற இடம் ஒன்று."

ஓடையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கொக்கு கழுத்தை நீட்டியது. "நான் ஓடையில் காலை வைத்ததும் என் நிழலைப் பார்த்து மீனெல்லாம் ஓடிவிடும். எங்கே ஓடும் தெரியுமா? கரை மரத்து நிழலுக்குள். ஒரு நிழலுக்குப் பயந்து இன்னொரு நிழலில் ஒளிந்துகொள்ளும்."

கூட்டம் அடங்கிப்போனது. "மீனுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லையே" என்றார் காட்வின். "இரண்டையும் ஒரே பேரால் கூப்பிட்டது நாம். அதற்கு இந்தப் பசுவை வெட்டுவதா? கயிற்றை அவிழ்த்துவிடு, ஆஸ்ரிக்."

ஆஸ்ரிக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் முடிச்சை அவிழ்த்தான். லியோபா தரையில் கிடந்த பசுவின் உருவத்தைச் சுட்டிக்காட்டி, "இதற்கு வேறு பேர் வைக்க வேண்டும். இதுவும் ஷேட்..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம், கழுத்துக் கயிறு நழுவியதும், அதுவரை அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் சேர்ந்து வர, பசு "ஓ..." என்று கத்திவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகக் கேட்டது.

"ஷேடோ" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார் காட்வின். வேறு பேர் யாரும் தேடவில்லை.

அறுப்பு அரை நாள் வீணானதால் மழை வந்தபோது ஒரு மூலைப் புல் நனைந்து அழுகிவிட்டது. ஆஸ்ரிக் பத்து நாள் பசுவிடம் பேசவில்லை. பதினோராம் நாள், "பையன் உன்னைத் தேடுகிறான்" என்று மட்டும் சொன்னான். பசு வாசலுக்கு வந்து நின்றது.

அன்று முதல்தான் அந்தத் தீவுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்குகிற இடத்தை ஷேட் என்றும், நம்மோடு நகர்ந்து வருகிற உருவத்தை ஷேடோ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய் எந்த நிழல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.