மாற்றாத பாரா

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு தியானக் கூடம் இருந்தது. அதை நடத்திய கோமளாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் நரைத்த தலைகளெல்லாம் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டன.

கூடத்துக்கு வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஹவில்தார் சம்பங்கி ஒரு தினுசு. எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். முதுகைச் சுவரில் ஒட்டி, வாசலைப் பார்த்து உட்காருவார். மற்றவர்கள் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். "அந்த மீசைக்காரர் எங்களையே முறைக்கிறாரும்மா" என்று எதிரில் உட்காரும் பெண்கள் புகார் சொன்னார்கள். பாவம், அவர் முறைத்தது அவர்களை அல்ல, அவர்களுக்குப் பின்னால் இருந்த வாசலை.

அவர் அங்கே வந்ததே மகள் எழிலுக்காகத்தான். தாயில்லாப் பெண். ஒரு மத்தியானம், காப்பி ஆறுகிறதே என்று தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைத் தோளைத் தொட்டு எழுப்பினாள். விழிப்பதற்குள் சம்பங்கியின் கை அவள் கழுத்தைப் பிடித்திருந்தது. அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர் இன்னும் வீடு திரும்பவில்லை. டவுனில் ஒரு லாட்ஜ் அறையில் தாழ்போட்டுப் படுக்கிறார். பெற்ற பெண்ணுக்குத் தானே எமனாகிவிடுவோமோ என்று பயம். போர்முனையில்கூட அவருக்கு இப்படியொரு பயம் வந்ததில்லை.

ஒரு காலை எல்லோரும் கலைந்த பிறகும் அவர் போகவில்லை.

"அம்மா, எனக்கு இது வராது. மூச்சப் பாருன்றீங்க, பாக்குறேன். கண்ண மூடுன்றீங்க, முடியல. பாரா நிக்கிறவன் கண்ண மூடினா எங்க வேலையில அது குத்தம்."

"இங்க நீங்க காவலுக்கா வந்தீங்க?"

சம்பங்கியின் பார்வை வாசலுக்குப் போய் வந்தது.

"சரி, பாரா எப்படி முடியும்?" என்று கேட்டார் கோமளா.

"அடுத்த ஆள் வருவான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்போம். பார்த்ததச் சொல்லிட்டு, 'பாரா ஒப்படைச்சேன்'பேன். 'ஏத்துக்கிட்டேன்'னு அவன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நகரக்கூடாது."

"கடைசியா எப்ப ஒப்படைச்சீங்க?"

அவர் மீசையை நீவிக்கொண்டார். "மலை உச்சியில ஒரு காவல் சாவடி. என்னை மாத்த வேண்டியவன் தங்கச்சன். கேரளாக்காரன். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க. வர்ற வழியில குண்டு வெடிச்சுப் போயிட்டான். சத்தம் கேட்டுச்சு. ஆனா எடத்த விட்டுப் போக முடியாது இல்ல? விடியற வரைக்கும் நின்னேன். அப்புறம், குளிர்ல வெறச்சுப்போயிருந்த என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ யாரும் மாத்தல."

"மாத்தல."

கோமளா எழுந்து வாசலில் போய் நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "சொல்லிக்குடுங்க. நான் மாத்துறேன்."

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடல."

சம்பங்கிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோமளா நின்ற லட்சணத்தைப் பார்த்ததும் பழைய ஹவில்தாரால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னாம்மா இது, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி? கால அகட்டு! தோள நிமித்து! தரையப் பாக்காத, தூரத்தப் பாரு!" மரியாதை எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கோமளா வாய் திறக்காமல் ஒவ்வொன்றையும் செய்தார். குரு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

சம்பங்கி பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார்.

"வடக்கால நடமாட்டம் இல்ல. ஒரு வெடிச்சத்தம் கேட்டுச்சு. தங்கச்சன்... தங்கச்சன் வரல. பாரா ஒப்படைச்சேன்."

"ஏத்துக்கிட்டேன்."

அவர் கூடத்தின் நடுவே போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அதற்குள் வெளியில் எதுவோ தடாலென்று விழ, துள்ளி எழுந்துவிட்டார்.

கோமளா திரும்பவே இல்லை. "தென்ன மட்டை. நான் பாத்துட்டேன். நீங்க உக்காருங்க."

மறுபடி உட்கார்ந்தார். ஜன்னல் வெயில் நகர்ந்து அவர் மடிக்கு வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையை நனைத்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எல்லையில் நின்றதைவிட இதற்குத்தான் அந்த மனிதருக்குத் துணிச்சல் அதிகம் வேண்டியிருந்தது.

கண் திறந்தபோது கோமளா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இங்க நீங்க நின்னீங்க. வீட்ல யாரும்மா நிப்பாங்க?" என்று கேட்டார் சம்பங்கி.

கோமளா குனிந்து கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "இந்தக் கொஞ்ச நேரத்துக்கே எனக்குக் கால் கடுக்குது. நீங்க இத்தன வருஷமா தனியா நிக்கிறீங்க. அது உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லலம்மா. சொன்னா பயந்துடும்."

"பாரா நடக்கிறதே தெரியாம, மாத்த யாருங்கய்யா வருவாங்க?"