பனைமரத்தோடு நின்றுபோன நூல்

அல்லிக்குளத்தின் கீழ்க்கரையில் செம்மூக்கி என்ற தாழைக்கோழி குடியிருந்தாள். கோரைப் புல்லை வளைத்து, தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் கூடு கட்டுவாள். வேறு இடத்தில் கட்ட அவளுக்கு வழியில்லை. மேட்டில் கட்டினால் கீரிப்பிள்ளைக்கு இலை போட்டு விருந்து வைத்த கதையாகிவிடும்.

குளத்துக்கு மேலே, மலையில், ஒரு பெரிய ஏரி இருந்தது. மழைக்காலத்தில் அதன் கரை உடைந்தால் வெள்ளம் ஓடை வழியே பாய்ந்து நேரே அல்லிக்குளத்தில் விழும். அதற்காக ஓடைக்கரை நெடுக ஆள்காட்டிக் குருவிகள் காவல் நின்றன. மேலே ஒன்று கத்தினால் அதைக் கேட்டு அடுத்தது கத்தும். அப்படியே செய்தி கீழே வந்து சேரும்.

ஆனால் போன மழைக்காலத்தில் காற்றும் இடியும் சேர்ந்து அந்தக் கத்தலை விழுங்கிவிட்டன. செய்திக்கு முன்னே தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் பொரித்திருந்த செம்மூக்கியின் குஞ்சுகள் அத்தனையும் போய்விட்டன. அதற்குப் பிறகு பல நாள் அவள் சரியாக இரை எடுக்கவில்லை. ஒரு நாழிகை முன்னால் தெரிந்திருந்தால் போதும், குஞ்சுகளை மேட்டுக்கு நடத்திப் போயிருப்பாள். அந்த நினைப்புதான் அவளை அரித்தது.

இந்தச் சேதி காட்டின் அரசர் வரிப்புலியின் காதுக்குப் போனது. மலையுச்சியில் அரசவையைச் சுற்றி அப்போதே சிலந்திகள் செய்தி நூல் கட்டியிருந்தன. நூலை ஒரு முனையில் இழுத்தால், மறுமுனையில் கட்டிய காய்ந்த வாகை நெற்றுகள் கண் இமைக்கும் நேரத்தில் கலகலவென்று ஒலிக்கும். மழையோ இடியோ அதைத் தடுக்க முடியாது.

“மலைமேல இருக்கிறவங்களுக்கு நொடியில செய்தி! அடிவாரத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் வெள்ளத்துக்கு அப்புறம் செய்தியா?” என்று அரசர் உறுமினார். “அடுத்த மழைக்குள்ள நூல் தொடாத குடியிருப்பு ஒண்ணுகூட இந்தக் காட்டுல இருக்கக் கூடாது!”

நூல் கட்டும் பொறுப்பு நெடுவாலன் என்ற குரங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. நெடுவாலன் கெட்டவன் அல்ல, வேலை தெரிந்தவன்தான். ஆனால் ‘முடிந்தது’ என்று சொல்வதில் அவனுக்கு ஒரு தனிச் சுகம். அந்தச் சுகத்துக்காக முடியாததையும் முடிந்தது என்று சொல்லிவிடுவான்.

சிலந்திகள் மூச்சுவிடாமல் நூற்றன. மரத்துக்கு மரம் தாவி, ஓடையைத் தாண்டி, செய்தி நூல் அல்லிக்குளத்து எல்லைக்கு வந்தது. அங்கே நின்ற ஒற்றைப் பனையின் உச்சியில் முனையைக் கட்டின. அங்கிருந்து குளக்கரை நாவல் மரம்வரை இன்னும் கொஞ்ச தூரம்தான். நாவல் மரத்தில் காற்றுப் படாத பொந்து ஒன்று உண்டு. அதற்குள் வாகை நெற்றுகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. நூல் வருவதுதான் பாக்கி.

அன்று மாலையே சிலந்திகள் வேறு ஊருக்குக் கிளம்பின. செம்மூக்கி பதறிப்போய் நெடுவாலனிடம் ஓடினாள்.

“ஐயா! பனையிலிருந்து நாவல் மரத்துக்கு நூல் கட்டலையே!”

“அரசர் என்ன சொன்னார்? நூல் குடியிருப்பைத் தொடணும்னார். பனைமரம் உங்க குடியிருப்புலதானே நிக்குது? தொட்டாச்சு!”

“நூல் பனை உச்சியில இருக்கு. நெற்று பொந்துக்குள்ள இருக்கு. எனக்கு எப்படிங்கய்யா சத்தம் கேக்கும்?”

“அதெல்லாம் சின்ன வேலைம்மா. அப்புறம் பார்த்துக்கலாம்!”

அப்புறம் என்பது வரவில்லை. அரசர்தான் வந்தார். அடிவாரத்துக் குடியிருப்புகளை நேரில் பார்க்கப் புறப்பட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. நெடுவாலன் விடிந்தும் விடியாமலும் செம்மூக்கியைத் தேடி ஓடி வந்தான்.

“உன்னால ஒரு உதவி ஆகணும்மா. பொந்துக்குப் பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. நீ சின்ன உடம்பு, உள்ளே ஒளிஞ்சுக்கலாம். மலைமேல நூலை இழுக்கிற நேரத்துல நான் இருமுவேன். நீ நெற்றை ஆட்டிடு. அவ்வளவுதான்!”

“அரசர்கிட்டப் பொய்யா?” என்று செம்மூக்கி பின்வாங்கினாள்.

“உண்மையைச் சொல்லிப் பாரேன்! அரசருக்குக் கோபம் வரும். விசாரணை அது இதுன்னு வேலை அப்படியே நின்னுபோகும். உங்க குளத்துக்கு நூல் வரவே வராது. இன்னைக்கு எனக்கு நீ கைகொடு. மழைக்கு முன்னாடி மிச்ச நூலைக் கட்டித் தர்றது என் பொறுப்பு!”

செம்மூக்கி போன வருஷத்துக் குஞ்சுகளை நினைத்தாள். நூல் வராமலே போய்விடுமோ என்ற பயம் அவள் வாயை அடைத்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினாள்.

அரசர் வந்து நாவல் மரத்தடியில் நின்றார். குளத்து உயிர்கள் எல்லாம் கூடின. நெடுவாலன் இருமினான். பொந்துக்குள்ளிருந்து நெற்றுகள் கலகலவென்று ஒலித்தன. தவளைகளும் முயல்களும் துள்ளிக் குதித்தன. அரசரின் முகமே மலர்ந்துவிட்டது. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதைப் பொந்துக்குள்ளிருந்து பார்க்கச் செம்மூக்கிக்கு என்னவோபோல் இருந்தது.

“இனி ஆள்காட்டிகள் மழையில நனைஞ்சு காவல் நிக்க வேண்டாம். அவரவர் சொந்தபந்தங்களோட போய் இருக்கலாம்!” என்று அரசர் அறிவித்துவிட்டுப் புறப்பட்டார்.

குளத்து முனையில் காவல் நின்ற ஆள்காட்டி மட்டும் உடனே கிளம்பவில்லை. மற்றவர்கள் கலைந்த பிறகு செம்மூக்கியிடம் வந்தான்.

“அக்கா, போன தடவை என் கத்தல் உனக்கு எட்டல. அது இன்னும் என் மனசுல கிடக்கு. இந்த நூல் நிஜமாவே வேலை செய்யுதா? செய்யுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் நிம்மதியாப் போறேன்.”

செம்மூக்கி திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, நெடுவாலன் வாலைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“செய்யுதுப்பா,” என்றாள். “நீ போ.”

ஆள்காட்டி போய்விட்டான். அடுத்த சில நாட்களில் மேட்டுக்கரையில் வளை வைத்திருந்த பஞ்சி என்ற முயல், சினையாகி வயிறு தள்ளிக்கொண்டு, கீழ்க்கரைக்குக் குடிவந்தாள்.

“இங்கதான் அருகம்புல் மெத்து மெத்துன்னு இருக்கு அக்கா! இத்தனை நாளா வெள்ளத்துக்குப் பயந்துகிட்டு மேட்டுல கிடந்தேன். இப்பதான் நெற்று இருக்கே, எனக்கென்ன பயம்!”

உண்மையைச் சொல்லச் செம்மூக்கி வாயைத் திறந்தாள். ‘நீதானே ஆட்டினாய்’ என்று ஊர் கேட்குமே! நாளைக்கே நூல் வந்துவிட்டால் சொல்லத் தேவையே இருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

நாளைகள் போயின. நெடுவாலன் வரவில்லை. மேகம் கருக்கத் தொடங்கியதும் செம்மூக்கியே கால்கடுக்க மலையேறிப் போய் அவனைப் பிடித்தாள்.

“ஐயா, வாக்குக் கொடுத்தீங்களே! மழை வரப்போகுது!”

நெடுவாலன் தலையைச் சொறிந்தான். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அல்லிக்குளம் முடிஞ்ச வேலைம்மா. முடிஞ்ச இடத்துக்கு மறுபடி சிலந்திகளை அனுப்பினா, ஏன் எதுக்குன்னு கேள்வி வராதா? நெற்று ஒலிச்சதை அரசரே காதால கேட்டிருக்கார்!”

“அப்ப அரசரையே பார்த்து…”

“பாரு. என்ன சொல்லுவ? நான்தான் ஆட்டினேன்னு சொல்லுவியா?”

அரசவை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. செம்மூக்கி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தாள். பிறகு கால் வரவில்லை. திரும்பிக் குளத்துக்கே இறங்கிவிட்டாள். அன்று அவள் திரும்பாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. கோரைக்கூட்டில் செம்மூக்கியின் முட்டைகள் பொரிந்தன, கருகருவென்று குஞ்சுகள். பக்கத்து வளையில் பஞ்சியின் குட்டிகளும் கண் விழித்திருந்தன. செம்மூக்கி இரை தேடப் போன நேரம் போக, மற்ற நேரமெல்லாம் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஓடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது வெள்ளம் வந்துவிட்டது என்றுதான் பொருள்.

ஒரு நடுப்பகலில், கொட்டுகிற மழையில், மலை ஏரி உடைத்துக்கொண்டது. ஏரிக்கரைக் காவலில் இருந்த நீர்நாய் உடனே நூலை இழுத்தது. செய்தி மரம் மரமாகப் பாய்ந்து இறங்கியது. வழியில் இருந்த குடியிருப்புகளில் எல்லாம் நெற்றுகள் ஒலித்தன. தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேடேறினார்கள். அல்லிக்குளத்தில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை.

பொந்துக்குள் நெற்றுகள் அசையாமல் தொங்கின. ஓடை சிவந்து பொங்கியதைச் செம்மூக்கி பார்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. “ஏறுங்க! மேட்டுக்கு ஏறுங்க!” என்று கத்திக்கொண்டே கூட்டுக்குப் பாய்ந்தாள். கோரைப் புதர் வேரோடு பிடுங்கிக்கொண்டு சுழன்றது. கண்ணெதிரே ஒவ்வொரு குஞ்சாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. அலகில் கவ்வ முடிந்த ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

வெள்ளம் வடிந்ததும் கீழ்க்கரை வெறும் சேறாகக் கிடந்தது. பஞ்சி தன் வளை இருந்த இடத்தை முன்னங்கால்களால் கிளறிக்கொண்டே இருந்தாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை. செம்மூக்கியைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“அக்கா, நெற்று ஏன் சத்தம் போடல?”

பனைமரத்தில் குடியிருக்கும் உழவாரக் குருவிதான் பதில் சொன்னான்.

“நூல் ஆடிச்சு. நான் பார்த்தேன். பனை உச்சியில ரொம்ப நேரம் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கே நெற்று ஒலிச்சதால, செய்தி நூல் நாவல் மரத்துக்குப் போயிடுச்சு, இது ஏதோ மிச்ச நூல் காத்துல ஆடுதுன்னு நினைச்சுட்டேன்.”

செய்தி வந்திருக்கிறது! தன் குஞ்சுகளைக் காப்பாற்றும் செய்தி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்து நின்று துடித்திருக்கிறது! செம்மூக்கி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, மிஞ்சிய குஞ்சைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள். பஞ்சியும் பின்னாலேயே வந்தாள்.

இந்த முறை செம்மூக்கி பாதி வழியில் திரும்பவில்லை. நேரே அரசவைக்குள் நுழைந்து, வெள்ளம் கொண்டுபோன உயிர்களைச் சொன்னாள்.

“அல்லிக்குளத்துல இத்தனை சாவா?” வரிப்புலி அதிர்ந்துபோனார். “எப்படி? அங்கே நெற்று ஒலிச்சதை நானே கேட்டேனே!”

நெடுவாலன் தூணோரம் ஒடுங்கி நின்றான்.

“அரசே, அன்னைக்கு நீங்க கேட்ட சத்தம் நூல் போட்டதில்ல. நான் போட்டது. பொந்துக்குள்ள ஒளிஞ்சு நெற்றை ஆட்டினேன். நூல் பனைமரத்தைத் தாண்டவே இல்ல.” செம்மூக்கி நெடுவாலனைக் காட்டினாள். “இவர் ஆட்டச் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் சொல்றதுக்கு எனக்கு எத்தனையோ நாள் இருந்துச்சு. ஆள்காட்டி கேட்டான். இதோ இவ, என்னை நம்பிக் கீழ்க்கரைக்கு வந்தா. யார்கிட்டயும் நான் சொல்லல.”

பஞ்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே போய்விட்டாள். அதைவிடப் பெரிய தண்டனையை எந்த அரசரும் செம்மூக்கிக்குக் கொடுத்திருக்க முடியாது.

அரசர் தலைகுனிந்தார்.

“நானும் சத்தத்தைத்தான் கேட்டேன். பனைமரம்வரைக்கும் நடந்து, நூலைக் கண்ணால பார்த்திருக்கணும். எல்லாரும் குதிச்ச சந்தோஷத்துல திரும்பிட்டேன்,” என்றார். பிறகு நெடுவாலனைப் பார்த்தார். “உன் பதவி போச்சு. காட்டுல உள்ள ஒவ்வொரு நூலையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நீ நடந்தே பார்க்கணும். எங்கே அறுந்திருக்கு, எங்கே நின்னிருக்குன்னு அந்தந்த ஊர்க்காரங்களை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி சொல்லணும்!”

மறுநாளே ஒரு சிலந்தி அல்லிக்குளத்துக்கு வந்தாள். பனை உச்சியிலிருந்து நூலை எடுத்து, நாவல் மரத்துக்கு இழுத்து, நெற்றுக் கொத்தோடு முடிச்சுப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது.

மலைமேல் நீர்நாய் நூலை இழுத்தது. பொந்துக்குள் நெற்றுகள் கலகலவென்று ஒலித்தன. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

“சரியா இருக்கா அம்மா? முடிஞ்சதுன்னு போய்ச் சொல்லிடட்டுமா?” என்று சிலந்தி கேட்டாள்.

“இரு,” என்றாள் செம்மூக்கி. “இன்னொரு தடவை இழுக்கச் சொல்லு. நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் முடிஞ்சதுன்னு சொல்லாதே.”

அவள் குஞ்சோடு கீழ்க்கரைக்கு இறங்கிப் போனாள். பழைய கூடு இருந்த சேற்றில் நின்றாள். கொஞ்ச தூரத்தில் பஞ்சியும் வந்து, செம்மூக்கியின் முகத்தைப் பார்க்காமல், தன் வளை இருந்த இடத்தில் நின்றாள். அங்கேயும் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

முடியாத வேலையை முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்கு, அந்த வேலை உதவ வேண்டிய நாளில் உதவி வந்து சேராது.